வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது, எதைச் செய்வது, எதை விடுவது?

பொம்மை_மிதித்தவள்:

வணக்கம். கேட்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட், முதல் மாடி. நான், வீட்டுக்காரர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், மூன்று வயது மகள், அத்தை என்று ஐந்து பேர். காலை எட்டேகாலுக்குக் கிளம்பினால் நான் வீட்டுக்குள் நுழைய இரவு ஏழாகிவிடும். அவருக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். அத்தைக்கு முழங்கால் வலி, பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதே பெரிய விஷயம், வேறு எதையும் கேட்க எனக்கு மனசு வராது.

வார நாட்களில் வீடு கண்ணெதிரே சரிந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்து, கழுவி, இடுப்பு ஒடிந்து படுப்பேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்தால் பழையபடி. சிங்க்கில் பத்துப் பாத்திரம், ஹாலில் பொம்மை, காய்ந்த துணியெல்லாம் ஒரு நாற்காலியில் மலைபோல (அந்த நாற்காலியில் மனிதர் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது). தெருமுனையில் பள்ளம் தோண்டிக்கொண்டே இருப்பதால் தூசி வேறு, காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் இரவு பேர் எழுதலாம்.

ஒரு வீடியோவைப் பார்த்து அட்டவணை போட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து தினமும் 32 வேலை. நான்கு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் மகனுக்குக் காய்ச்சல், அதோடு அட்டவணை போச்சு. ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது, பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

இன்னொன்று. நான் பெருக்க முடிகிற நேரமே இரவு ஒன்பதுக்கு மேல்தான். விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தைத் தொடக்கூடாது என்கிறார் அத்தை. சண்டை போடவும் இஷ்டமில்லை. குளியலறைக் குழாயிலும் டைல்ஸிலும் போர் தண்ணீரின் உப்புக்கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது, எதைப் போட்டாலும் போக மாட்டேன் என்கிறது. தினம் ஒரு மணி நேரம் என்னால் முடியும், அதற்கு மேல் சத்தியமாக முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?

சும்மா_எட்டிப்பார்த்தேன்:

வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது கதை.

திண்ணைக்காரி:

மேலே உள்ள தம்பிக்கு: ஆள் வைத்தாலும் அவர் வருவதற்குள் தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும், அவர் லீவு போட்டால் அன்றைக்கு நாம்தான் ஆள். சரி, அது கிடக்கட்டும்.

நீ கேளும்மா. எனக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருஷம் வேலைக்குப் போய்க்கொண்டே மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள் என்று குடும்பம் நடத்தியவள். 32 வேலை எழுதிக் கொடுத்தவர் வீட்டில் பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது. என் கணக்கில் தினசரி வேலை மூன்றுதான். இன்றைக்கு விட்டால் நாளைக்கு இரண்டு மடங்காகிறதா என்று பார், ஆகும் என்றால் அது தினசரி வேலை. ஆகாது என்றால் அதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கிவிட்டு அன்றுவரை அதைக் கண்ணால்கூடப் பார்க்காதே.

முதல் வேலை சிங்க். ராத்திரி படுக்கும்போது சிங்க் காலியாக இருக்க வேண்டும், அடியில் இருக்கும் ஜாலியைத் தட்டிக் கழுவி, மேடையைத் துடைத்து, துடைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட வேண்டும். காய்ந்த சாதம் காலையில் தேய்த்தால் பத்து நிமிஷம், ராத்திரி ஈரத்தோடு தேய்த்தால் ஒரு நிமிஷம். தவிர, எச்சில் பாத்திரம் கிடக்கிற வீட்டுக்குத்தான் கரப்பான் முதலில் வரும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் அவரவர் தட்டை ஒரு தண்ணீர் விட்டு அலசி வைக்கட்டும், உன் இரண்டாம் வகுப்புப் பிள்ளை உட்பட. என் பேரனுக்கு வயது ஐந்து, செய்கிறான்.

இரண்டாவது, கால் படுகிற தரை. வீடு முழுக்க இல்லை. வாசல், ஹால், சமையலறை, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் எல்லாம் சனிக்கிழமை போதும். விளக்கு வைத்த பிறகு பெருக்குவது பற்றிக் கேட்டாய். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பெருக்கினால் தோட்டின் திருகாணி குப்பையோடு போய்விடும் என்றுதான் ஆரம்பித்திருக்கும் என்பது என் ஊகம். என் மாமியாரோடு நான் வாதம் செய்யவே இல்லை. ராத்திரி கூட்டி, கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் குவித்து வைத்துவிடுவேன், வெளியே கொட்ட மாட்டேன். காலையில் வாசல் தெளிக்கும்போது முறத்தில் அள்ளிவிடுவேன். லட்சுமி வெளியே போகவில்லை, அவரும் திருப்தி, நானும் திருப்தி. உன் அத்தையிடம் இப்படிச் செய்யட்டுமா என்று கேட்டுப் பார், பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது துணி. தினம் ஒரு நடை மெஷின் ஓட்டுவது பெரிதில்லை, கொடியிலிருந்து எடுக்கும்போதே மடிக்க வேண்டும். நாற்காலியில் போட்டுவிட்டுப் பிறகு மடிக்கலாம் என்றால் அந்தப் பிறகு வரவே வராது. நாற்காலியைத் தூக்கி வேறு அறையில் போடு. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் கிழமைக்கு ஒன்று. நான் வியாழக்கிழமை சாமி அறையும் வாசலும், ஏனென்றால் மறுநாள் வெள்ளி. ஒட்டடை மாதம் ஒரு முறை. பரணைப் போகிக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி_ஷிப்ட்:

திண்ணைக்காரி அம்மா சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேள்வியை மறுபடி படித்துப் பார்த்தேன், வீட்டுக்காரர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார், அதுவும் அவருக்கும் அதே வேலை நேரம் என்று சொல்வதற்காக. அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் ஏன் ஒருவருடையது மட்டும்?

நானும் அந்த மாதிரி வீட்டுக்காரராக இருந்தவன்தான். “ஏதாவது செய்யணுமா சொல்லு, செய்றேன்” என்பேன், பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வேன். சொல்வதே ஒரு வேலை என்று என் மனைவி ஒரு நாள் வெடித்தபோதுதான் புரிந்தது. என்ன தீர்ந்தது, எது ஊறுகிறது, எந்தத் துணி நாளைக்கு வேண்டும் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருப்பது அவருக்கு மட்டும்தான் ஓடியது. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97. அந்த 97-கூட வீட்டு வேலையில் கையே வைக்காதவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டது, கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். இதை நான் முதலில் படித்தபோது நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்றால், வேலையை முழுசாகப் பிரித்துக்கொண்டோம். சமையலறையை ராத்திரி மூடுவது என்னுடையது: பாத்திரம், மேடை, குப்பை, மறுநாளைக்கு அரிசி பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது வரை. நல்ல நாளோ கெட்ட நாளோ நான்தான். நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும் மாற்றிக்கொள்வோம். துணி முழுக்க அவருடையது, துவைப்பதிலிருந்து இஸ்திரிக்காரரிடம் கணக்குப் பார்ப்பது வரை. முதல் மாதம் நான் தேய்த்த பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்க்காமல் விட்டார். சட்டியில் சாம்பார் ஊற்றும்போது நானே பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீங்களும் அதைச் செய்ய வேண்டியிருக்கும் சகோதரி, அதுதான் கஷ்டம்.

பொம்மை_மிதித்தவள்:

அம்மா, நாற்காலி யோசனை கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணா, உங்கள் பதிலை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “97 நிமிஷமா, நான் அவ்வளவுகூடச் செய்வதில்லையே” என்றார். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன். உப்புக்கறைக்கு யாராவது வழி சொல்லுங்களேன். ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து போட்டேன், நன்றாக நுரைத்தது, கறை அப்படியே இருக்கிறது.

லேப்_கோட்டு:

கெமிஸ்ட்ரி எடுப்பவன் என்பதால் வருகிறேன். நுரை பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். வினிகர் அமிலம், ஆப்ப சோடா காரம். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். அதை வைத்துத்தான் தேய்த்திருக்கிறீர்கள்.

போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். தண்ணீர் காயக் காய அது சுண்ணாம்பு மாதிரி படிகிறது. சோப்பால் கரையாது, அமிலம்தான் கரைக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று ஸ்பூன் போட்டு, பழைய துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் பாதிக்கு மேல் வந்துவிடும். வருஷக்கணக்கான கறை என்றால் இரண்டு மூன்று வாரம் ஆகும். டைல்ஸுக்கும் இதேதான். மார்பிளிலும் கடப்பாக்கல்லிலும் மட்டும் படக்கூடாது, அந்தக் கல்லே சுண்ணாம்பு வகை, பளபளப்பு போய்விடும். இன்றைக்குச் சுத்தம் செய்துவிட்டு, அதன்பின் கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் மறுபடி படியவே நேரமாகும்.

இப்போது முக்கியமானது. கறை போகவில்லை என்ற கோபத்தில் டாய்லெட் கழுவும் ஆசிட் திரவத்தோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறை, கதவு மூடியிருந்தால் மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் ஒன்று, அதுவும் முன்பு போட்டதை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு.

தூசிக்கு ஒரு வார்த்தை. உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறும், வீட்டை விட்டுப் போகாது. லேசான ஈரத்துணிதான் சரி. துடைக்கிற வாளியில் தரை திரவத்தை மூடி மூடியாக ஊற்றுவார்கள், மணக்கும், ஆனால் மிச்சம் தரையில் பிசுபிசுப்பாகத் தங்கி இன்னும் தூசி பிடிக்கும். அரை மூடி போதும், சில நாள் வெறும் தண்ணீரே போதும்.

முன்னாள்_கொசு_ஒழிப்பு:

இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருக்கிற வீடு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே தண்ணீர் சேருகிற தட்டு ஒன்று இருக்கும். வீடு வீடாகப் போன காலத்தில் நான் புழு பார்த்ததில் பாதி அதில்தான், பளிச்சென்று இருக்கும் வீடுகளிலும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். அதனால் வாரம் ஒரு கிழமை வைத்து அந்தத் தட்டு, செடித்தொட்டியின் அடித்தட்டு, மூடாத வாளி எல்லாவற்றையும் கொட்டி, பக்கச் சுவரை நாரால் தேய்க்க வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது, ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பொம்மை_மிதித்தவள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

32 வேலை அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு அவர் சமையலறை, நான் ஹாலும் தரையும், மகன் பொம்மைகளைக் கூடையில் போடுவான் (பாப்பா அதையெல்லாம் திரும்ப எடுப்பாள், அது தனிக்கதை). நாற்பது நிமிஷத்தில் முடிகிறது. குப்பையை மூலையில் குவிக்கும் யோசனைக்கு அத்தை உடனே தலையாட்டிவிட்டார், “எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க” என்கிறார், இதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முடியாமல் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுத் தூங்கிவிட்டோம், மூன்றாம் நாள் சிங்க்கிலிருந்து ஆரம்பித்தோம். முன்பானால் அதோடு நின்றிருப்பேன்.

அவர் மேடையைத் துடைத்தாலும் அடுப்புக்கு அடியில் துடைப்பதில்லை. பார்க்காததுபோல் போகிறேன். அண்ணா சொன்ன மாதிரி இதுதான் கஷ்டமாக இருக்கிறது.

குழாய் இரண்டாம் வாரம் பளபளத்தது. மூன்று வாரமாக வியாழன் என்றால் ஃபிரிட்ஜ் தட்டு. முதல் தடவை இழுத்தபோது தட்டில் புழு இருந்தது. எனக்கு உடம்பு கூசிவிட்டது. துணி நாற்காலி மட்டும் அசையவில்லை. பக்கத்து அறைக்குக் கொண்டுபோனோம், துணியும் கூடவே அந்த அறைக்குப் போய்விட்டது. இப்போது மின்விசிறி இறக்கைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, துடைத்தால் தூசி முழுக்கக் கட்டிலில் கொட்டுகிறது. அதற்கு ஏதாவது?

திண்ணைக்காரி:

பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, மேலும் கீழும் அழுத்திப் பிடித்து இழு, தூசி உறைக்குள்ளேயே விழும். சுவிட்சை அணைத்துவிட்டு ஏறு. ஸ்டூலை உன் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளட்டும். அவர் உயரம் என்றால் அவர் ஏறட்டும், நீ பிடி.