யாக்கோபு ராகேலுக்காக 14 வருடம் காத்திருக்கவே இல்லை

பெத்தேல்கல்:
நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கம் செய்தவர் மாப்பிள்ளையைப் பார்த்து, "ராகேலைக் கைப்பிடிக்க யாக்கோபு 14 வருடம் காத்திருந்தான், தெரியுமா?" என்றார். சபையே தலையாட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. வேதாகமத்தில் ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தை யாராவது முழுசாக வாசிக்கிறார்களா? ஏழு வருடம் ஆடு மேய்த்தான், சரி. கல்யாண ராத்திரியில் ராகேலின் அப்பா லாபான் மூத்த மகள் லேயாளைக் கொண்டுவந்து விட்டான். விடிந்ததும் யாக்கோபு சண்டைக்குப் போனான். அப்போது லாபான் சொன்னது என்ன? இவளுடைய ஏழு நாளை நிறைவேற்று, அவளையும் தருகிறேன், அவளுக்காக இன்னும் ஏழு வருடம் வேலை செய் என்றான். ஏழு நாள்! கல்யாண விருந்து நடக்கிற அந்த ஒரு வாரம். அது முடிந்ததும் ராகேல் அவனுக்கு மனைவி. இரண்டாவது ஏழு வருடம் அவன் கடனைக் கழித்தான், அவ்வளவுதான்.

சாலோமோன்அண்ணாச்சி:
தம்பி, ஆதியாகமம் 31:41ஐ உங்கள் வேதாகமத்தில் கிழித்துவிட்டார்களா? யாக்கோபே தன் வாயால் லாபானிடம் சொல்கிறான், உம்முடைய இரண்டு குமாரத்திகளுக்காக 14 வருடம், மந்தைக்காக 6 வருடம், அதிலும் சம்பளத்தைப் பத்து முறை மாற்றினீர் என்று. 14 என்று அங்கே இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அப்புறம் என்ன பேச்சு? போன மாதம் கேத்தூராள் ஆபிரகாமின் மனைவியா மறுமனையாட்டியா (வைப்பாட்டியா) என்று பேசினபோதும் இப்படித்தான் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் அறிவில்லாதவர்கள் ஆக்கினீர்கள்.

பெத்தேல்கல்:
அண்ணாச்சி, கேத்தூராளை இங்கே இழுக்காதீர்கள். அதிலும் நான் சொன்னதுதான் சரி, ஆதியாகமம் 25:1 மனைவி என்றுதான் சொல்கிறது. நீங்கள் காட்டும் வசனத்தில் "இரண்டு குமாரத்திகளுக்காக" என்று இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? 14 வருடம் வேலை செய்தான். காத்திருந்தது ஏழு வருடமும் ஏழு நாளும். 29:30ஐ வாசியுங்கள். முதலில் ராகேலைச் சேர்ந்தான் என்று வருகிறது, அவளை அதிகமாய் நேசித்தான் என்று வருகிறது, அதற்குப் பிறகுதான் பின்னையும் ஏழு வருடம் சேவித்தான் என்று வருகிறது. வரிசை அப்படி இருக்கிறது, நான் போட்ட வரிசை இல்லை.

லேயாளின்பக்கம்:
ஏழா பதினாலா என்று இரண்டு பேரும் எண்ணிக்கொண்டே இருங்கள். அந்த ஏழு நாளும் லேயாள் எப்படி இருந்திருப்பாள் என்று ஒருவருக்காவது தோன்றியதா? அப்பா ஏமாற்ற, புருஷன் முகம் சுளிக்க, அடுத்த வாரமே தங்கை சக்களத்தியாக வருகிறாள். பிரசங்கத்தில் அவளைப் பற்றிச் சொல்வதெல்லாம் கண் சரியில்லை என்பது மட்டும்தான். நம் தமிழ் வேதாகமம் "கூச்சப்பார்வை" என்கிறது. எபிரெயத்தில் இருக்கும் சொல்லுக்கு மென்மை என்றும் அர்த்தம் உண்டு. மென்மையான கண் உள்ளவளை மாறுகண் ஆக்கி நாடகம் போடுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

சாலோமோன்அண்ணாச்சி:
அம்மா, அழகாக இருந்தால் அடுத்த வரியிலேயே "ராகேலோ" அழகுள்ளவள் என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? நம் முன்னோர் மொழிபெயர்த்ததில் குறை கண்டுபிடிக்காதீர்கள். பெத்தேல்கல், உங்களுக்கு ஒரு சேதி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் தெளிவாக எழுதியிருக்கிறார், இன்னொரு ஏழு வருடம் முடிந்த பிறகுதான் யாக்கோபு ராகேலை மணந்தான் என்று. அவர் எபிரெயர். நீங்கள் எபிரெயரா?

பெத்தேல்கல்:
ஆக, வேதத்தை விட்டு ஜொசிபஸிடம் ஓடிவிட்டீர்கள். அவர் எழுதியது யாக்கோபு செத்து ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து. அவர் சொன்னால் ஏழு நாள் ஏழு வருடம் ஆகிவிடுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். யாக்கோபு லாபானிடம் இருந்தது மொத்தம் 20 வருடம், 14 கூட்டல் 6. ராகேலின் மகன் யோசேப்பு பிறந்ததும் ஊருக்கு அனுப்பிவிடும் என்று கேட்கிறான் (30:25), அதற்குப் பிறகுதான் மந்தைக்கான 6 வருடம் தொடங்குகிறது. அப்படியானால் யோசேப்பு பிறந்தது 14ஆம் வருட முடிவையொட்டி. அதற்கு முன்னால் ராகேல் பிள்ளை இல்லாமல் அழுதாள், தன் வேலைக்காரி பில்காளை யாக்கோபுக்குக் கொடுத்தாள், பில்காள் தாணைப் பெற்றாள், நப்தலியைப் பெற்றாள், தூதாயீம் கனிக்காக அக்காளோடு பேரம் பேசினாள். 14 முடிந்துதான் கல்யாணம் என்றால் இதெல்லாம் எப்போது நடந்தது? ஒரே ராத்திரியிலா?

ஊர்க்குருவி:
கணக்கு என்றதும் ஒன்று சொல்கிறேன். பார்வோன்முன் நின்றபோது யோசேப்புக்கு 30. ஏழு வருடம் செழிப்பு, இரண்டு வருடம் பஞ்சம், ஆக 39. அப்போது எகிப்துக்கு வந்த யாக்கோபுக்கு 130. அப்படியென்றால் யோசேப்பு பிறந்தபோது அப்பனுக்கு 91, லாபானின் ஊரான ஆரானுக்கு வந்தபோது 77, கல்யாணம் 84இல். படங்களில் எல்லாம் இளவட்டமாக வரைகிறார்களே?

சாலோமோன்அண்ணாச்சி:
84 வயது என்றெல்லாம் பிள்ளைகள் வாசிக்கிற இடத்தில் எழுதாதீர்கள். 147 வயது வரை வாழ்ந்தவருக்கு 84 என்பது நடுவயது. பெத்தேல்கல், உங்கள் கணக்கே உங்களைக் கவிழ்க்கிறது. ஏழே வருடத்தில் லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன், தீனாள் என்று ஏழு பிள்ளைகளா? நடுவில் பிள்ளைப்பேறு நின்றும்போனது என்று எழுதியிருக்கிறதே! ஆகவே அந்த அதிகாரம் வருட வரிசைப்படி எழுதப்பட்டதே அல்ல. உங்கள் யோசேப்பு வாதம் அங்கேயே போச்சு.

பெத்தேல்கல்:
தீனாள் "பின்பு" பிறந்தாள் என்று 30:21இல் இருக்கிறது. அவளை விட்டால் ஆறு பிள்ளைகள், ஏழு வருடம். நின்றது சில மாதம் என்றால் இடம் தாராளமாக இருக்கிறது. நீங்கள் ஏன் இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் எத்தனையோ கல்யாண வீட்டில் இந்த 14ஐச் சொல்லி வாழ்த்தியிருப்பீர்கள்.

சாலோமோன்அண்ணாச்சி:
என் மகள் கல்யாணத்தில் சொன்னேன். இன்னும் சொல்வேன். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது?

லேயாளின்பக்கம்:
காத்திருந்தான், நேசித்தான், எல்லாம் சரி. கடைசியில் ராகேலை எப்பிராத்தா வழியில் அடக்கம் செய்தான். லேயாளைத்தான் குடும்பக் கல்லறையான மக்பேலா குகையில், ஆபிரகாம் சாராள், ஈசாக்கு ரெபெக்காள் பக்கத்தில் வைத்தான். தன்னையும் அங்கேயே வைக்கச் சொன்னான். யார் அந்த வீட்டின் மனைவி? லேயாளின் வேலைக்காரி சில்பாளும் ராகேலின் வேலைக்காரி பில்காளும் எங்கே அடக்கமானார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைக்கச் சொல்லுங்கள்.

பெத்தேல்கல்:
அக்கா, ராகேல் பென்யமீனைப் பெறும்போது வழியில் செத்தாள், அதனால் அங்கே அடக்கம். அதில் பாசக் குறைவைத் தேடாதீர்கள். பேச்சை மாற்றாமல் அண்ணாச்சி பதில் சொல்லட்டும். 29:27இல் இருப்பது ஏழு நாளா, ஏழு வருடமா?

சாலோமோன்அண்ணாச்சி:
31:41இல் இருப்பது 14.

பெத்தேல்கல்:
இரண்டு குமாரத்திகளுக்காக! இரண்டு! நாளைக்கு எபிரெயச் சொல்லோடு வருகிறேன், ஓடிவிடாதீர்கள்.

சாலோமோன்அண்ணாச்சி:
வாருங்கள். வரும்போது கேத்தூராளை மறுமனையாட்டி என்று சொல்லும் 1 நாளாகமம் 1:32ஐயும் வாசித்துவிட்டு வாருங்கள்.