கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், தமிழ்: நான்கும் உண்மையிலேயே தேவைப்படும் செயல்பாடு ஏதாவது உண்டா?

எட்டாம்பீரியட்:
ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழி, 40 பேர். ஜனவரி கடைசியில் பாட ஒருங்கிணைப்புக்கு ஒரு செயல்பாடு வேண்டும். கோலத்தில் சமச்சீர் தேடுவது, மழை அளவுக்குப் பட்டை வரைபடம் போடுவது எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதிலெல்லாம் ஒரு பாடம் வேலை செய்கிறது, இன்னொன்று பக்கத்தில் சும்மா நிற்கிறது. ஒரு பாடத்தை எடுத்துவிட்டால் விடையே வராது என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? பள்ளி சென்னையில். மதுரையில் ஒரு பள்ளி சேர்ந்து செய்யத் தயார்.

நிழற்கோல்:
மதுரையில் ஆள் இருந்தால் பூமியின் சுற்றளவையே அளந்துவிடலாம் சார். பண்டைக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் செய்ததுதான். சம இரவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். செப்டம்பர் 22, 23இல் காலாண்டுத் தேர்வு குறுக்கே வரும், மார்ச்சில் பொதுத்தேர்வு. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் உச்சிவேளை (சூரியன் மிக உயரத்தில் நிற்கும் நேரம்) நிழலை அளந்தால் போதும். சூரியன் எங்கே நின்றாலும், இரண்டு ஊரிலும் அதன் கதிர் செங்குத்திலிருந்து சாயும் கோணங்களின் வித்தியாசம் மாறாது. ஜனவரியில் வானமும் பெரும்பாலும் தெளிவு, நிழலும் நீளம்.

கம்பு நட்டு அதன் நிழல் நுனியை அளக்காதீர்கள். சூரியன் புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை அகலம் உள்ள வட்டு. அதனால் 1 மீட்டர் கம்பின் நிழல் நுனி ஏறக்குறைய ஒரு செ.மீ. அகலத்துக்கு மங்கிவிடும், ஆளுக்கொரு இடத்தில் புள்ளி வைப்பார்கள். பதிலாக, தடித்த அட்டையில் 5 மி.மீ. ஓட்டை போட்டு, தரையிலிருந்து சரியாக 100 செ.மீ. உயரத்தில் கிடைமட்டமாக ஒரு ஸ்டூலின் ஓரத்தில் நீட்டிக் கட்டுங்கள். தரையில் சுமார் ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு ஒரு வெளிச்ச வட்டம் விழும். அதன் நடுவைக் குறிப்பது சுலபம். ஓட்டையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தரையைத் தொடும் இடம்தான் தொடக்கப் புள்ளி. இப்படிச் செய்தால் ஸ்டூல் சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை. தரை மட்டும் ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும். சிமெண்ட் முற்றமாக இருந்தாலும் மழைத் தண்ணீர் ஓடச் சரிவு விட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 30 வாக்கில் சென்னையில் உச்சிவேளை 12.22க்கு, மதுரையில் 12.31க்கு. 12 மணிக்கு அல்ல! நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கானது. சென்னை 80.27இல் இருக்கிறது, பாகைக்கு 4 நிமிடம் வீதம் 9 நிமிடம் தாமதம். மீதி 13 நிமிடம், அந்தப் பருவத்தில் சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்குவதால் வருவது. 12.10 முதல் 12.45 வரை 3 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, தொடக்கப் புள்ளியிலிருந்து வெளிச்ச வட்டத்தின் நடு வரை உள்ள நீளங்களில் மிகக் குறைந்ததை எடுங்கள். சென்னையில் 60 செ.மீ. அருகிலும் மதுரையில் 52 செ.மீ. அருகிலும் வரும்.

நீளத்தை 100ஆல் வகுத்தால் டேன் மதிப்பு, அட்டவணையில் கோணம். சுமார் 30.8, 27.6 பாகை. கோணமானியை நம்ப வேண்டாம். அது அரைப் பாகை தவறினாலே, 3 பாகை வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். முக்கோணவியல் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பது அங்கேதான் புரியும். கடைசியில் தூரம் × 360 ÷ கோண வித்தியாசம் = சுற்றளவு.

அட்லஸ்பக்கம்:
மேலே சொன்னதில் 'தூரம்' என்ற ஒரு சொல்லில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். சென்னை–மதுரை சாலைத் தூரம் சுமார் 460 கி.மீ. அதைப் போட்டால் சுற்றளவு 52,000ஐத் தாண்டும். தேவை வடக்கு–தெற்குத் தூரம் மட்டும், அது சுமார் 350 கி.மீ. மதுரை சென்னைக்கு நேர் தெற்கே இல்லை, 2 பாகைக்கு மேல் மேற்கே தள்ளி இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு ஊர் வழியாகவும் அட்சக்கோட்டுக்கு இணையாகக் கோடு போட்டு, இடைவெளியை அளவுகோலால் அளந்து கி.மீ. ஆக்க வேண்டும்.

இன்னொரு பொறி: சில கையேடுகளில் 'அட்ச வித்தியாசம் × 111 கி.மீ.' என்று தூரம் எடுக்கச் சொல்வார்கள். அந்த 111 வந்ததே 40,000ஐ 360ஆல் வகுத்துத்தான். விடையை வைத்தே விடை கண்டுபிடிப்பது. மதிப்பெண் விழும், எதையும் அளந்ததாகாது.

எட்டாம்பீரியட்:
நன்றி. சமூக அறிவியல் உள்ளே வந்துவிட்டது. தமிழ்? எவ்வளவு பிழை வரை ஏற்கலாம்?

நிழற்கோல்:
நீளத்தில் அரை செ.மீ. தவறினால் கோணத்தில் 0.2 பாகை, சுற்றளவில் 2,700 கி.மீ. வரை போகும். ஆகவே 37,000 முதல் 43,000 வரை வந்தால் நல்ல அளவீடுதான். விடைக்கு மதிப்பெண் போட்டால் எல்லாரும் 40,000 என்றே எழுதிக்கொண்டு வருவார்கள். நீளப் பட்டியலுக்கும், பிழை எங்கிருந்து வந்தது என்ற கணக்குக்கும் போடுங்கள்.

ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில் செய்பவர்களுக்கு: சூரியன் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் நாட்களில் சென்னை நிழல் வடக்கேயும் மதுரை நிழல் தெற்கேயும் விழும். அப்போது கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்.

செய்யுள்மேசை:
தமிழுக்கு இரண்டு வேலை உண்டு. முதலாவது, மதுரைப் பள்ளிக்குச் செய்முறைக் கடிதம். போனில் விளக்கக் கூடாது, கடிதத்தை மட்டும் படித்து அவர்கள் அட்டையைக் கட்ட வேண்டும். 'உயரம் 100 செ.மீ.' என்றால் ஸ்டூல் வரையா, ஓட்டை வரையா என்று அங்கிருந்து கேள்வி வந்தால் கடிதம் தோற்றது.

இரண்டாவது, சங்க இலக்கியமான நெடுநல்வாடை. அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியில், இரண்டு கோல் நட்டு நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகல் பார்த்து, நூலறி புலவர் கயிறிட்டுத் திசை குறிக்கும் செய்தி வருகிறது. இதே உச்சிவேளைதான். அடிகளைப் படித்த கையோடு முற்றத்தில் வடக்கு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: தூக்குக்குண்டுப் புள்ளியை மையமாக வைத்து 75 செ.மீ. ஆரத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம். வெளிச்சப் புள்ளி காலை 11 மணிவாக்கில் வட்டத்துக்குள் நுழையும், பிற்பகல் 1.45 வாக்கில் வெளியேறும். இரண்டு இடத்தையும் சேர்த்தால் கிழக்கு–மேற்குக் கோடு. மையத்திலிருந்து அந்த நாணுக்குச் செங்குத்து வரைந்தால் வடக்கு–தெற்கு. நாணின் தேற்றம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலேயே இருக்கிறது. இதை முந்தின நாளே செய்துவிட்டால், மறுநாள் வெளிச்ச வட்டம் அந்தக் கோட்டைத் தாண்டும் கணம்தான் உச்சிவேளை. ஸ்டூல் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறித்து வையுங்கள், சாக்கட்டிக் கோடு மறுநாள் காலை பெருக்கும்போது போய்விடும்.