பழைய லப்டொப்பை மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

உப்புவெளியிலிருந்து:

புது லப்டொப் வாங்கியாயிற்று. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. பழையதில் ஏழாம் தலைமுறை புரொசசர், அதில் விண்டோஸ் 11 ஏறாது. எல்லாவற்றையும் பென் டிரைவில் மாற்றிவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு அவருடைய கோப்பைத் திறந்து காட்டினேன்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். சம்பூரில் வளர்ந்த கதையையும் இடம்பெயர்ந்த கதையையும் பல வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வைத்திருக்கிறார். திரையில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் வரியில் விரலை வைத்து, "ஆச்சியின்ட பேர் இதிலதானே இருந்தது" என்றார்.

எழுத்துரு இல்லாததுதான் காரணம். பழையதில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் போட்டேன், எல்லாம் வந்துவிட்டது. அப்பா நம்பவில்லை. தனக்குப் பழையதே போதும் என்றார். இன்டர்நெட்டைத் துண்டித்து அவர் மேசையில் வைத்துவிட்டேன். அதில் எழுத்து வேலை மட்டும்தான். கிழமைக்கொரு தடவை நான் பிரதி எடுக்கிறேன். அவர் விரல் அந்த வரியில் நின்றதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

மூதூரிலிருந்து:

உங்களுக்குக் கோப்பாவது திறந்தது. எனக்கு நீலத் திரைதான் வந்தது. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் வாங்கினேன், எல்லாம் அவர்களே போட்டுத் தந்தார்கள். ஒரு நாள் அப்டேட் ஓடி, லப்டொப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸும் மாறியது. திரும்ப ஓன் ஆனபோது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. பிட்லொக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு நாம் போடாமலே விழும். மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் பல புது லப்டொப்களில் டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டு, சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். என்னுடையதில் இருந்தது கடைக்காரர் திறந்த கணக்கு.

பஸ் பிடித்து, கிண்ணியாப் பாலம் தாண்டிக் கடைக்குப் போனேன். போட்டுத் தந்த பையன் வேலையை விட்டுவிட்டானாம். புதிதாக வந்தவன், "எந்த ஈமெயில் டீச்சர்?" என்று என்னையே கேட்கிறான். தவணைப் பரீட்சைப் புள்ளிகள் முழுக்க உள்ளே கிடந்தன. டிஸ்க்கை அழித்துத்தான் திரும்பத் தந்தார்கள். பிள்ளைகளிடம் விடைத்தாள்களைத் திரும்ப வாங்கிப் பதிந்தேன். ஒரு பிள்ளை மட்டும், "என்ட பேப்பரை அம்மா அடுப்பு மூட்ட எடுத்திட்டா" என்று நின்றாள். அவளுக்கு நினைவிலிருந்து ஒரு புள்ளி போட்டேன். அது குறைந்துபோயிருக்குமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

திருகோணமலை அநுராதபுரச் சந்தியிலிருந்து:

உப்புவெளிக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாமினியைப் புதியதிலும் போட்டால் பிரச்சினை தள்ளித்தான் போகிறது, தீரவில்லை. அந்தக் கோப்பை வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்பிப் பாருங்கள், அவர்கள் போனிலும் அதே ஜே, கே, பிதான் வரும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, பாமினி அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். போனிலும் இணையத்திலும் இப்போது பாவிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் அகப்படாது.

எங்கள் சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றினோம். செயலாளர் கோப்பு முழுவதையும் ஒரேயடியாக எழுத்துரு மாற்றியில் போட்டதில், இடையில் ஆங்கிலத்தில் இருந்த வங்கி விபரமெல்லாம் வாசிக்க முடியாத தமிழாகிவிட்டது. ஆகவே வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினியில் உள்ள பகுதியை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்கவே வேண்டாம். மாற்றிய பிறகு கொம்பு வரும் எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். அப்பா விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் பாமினி விசைமுறையிலேயே யூனிகோட் எழுதலாம். இன்டர்நெட் இல்லாமலும் அவை வேலை செய்யும். இன்றைக்கே போட்டுக் கொடுங்கள்.

உப்புவெளியிலிருந்து:

அண்ணா, யூனிகோட் பிரதி ஒன்று எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அப்பாவின் லப்டொப்பில் இப்போது எதையும் புதிதாகப் போட மாட்டேன். மூதூரிலிருந்து லோஞ்சில் டவுனுக்கு வந்துபோன காலத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். அது முடியட்டும்.

கிண்ணியாவிலிருந்து:

பற்றரியையும் பாருங்கள். எங்கள் வீட்டுப் பழையதில் டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பி, மூடியே உட்காரவில்லை. மகள் அதை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஒன்லைன் வகுப்புப் பார்த்திருக்கிறாள், எங்களுக்குச் சொல்லவில்லை. கழற்றப் போனால், கடற்காற்றில் துருவேறிய திருகாணிகள் தலை வழுக்குகின்றன. உம்மா வாசலில் நின்று, "அதத் தொடாத மகன்" என்று சத்தம் போட்டா. கடையில் கொடுத்துத்தான் எடுப்பித்தேன். தலையணை மாதிரி ஊதியிருந்தது. அவள் கை அதன்மேல் இருந்ததை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ஊதினால் சார்ஜ் போடாதீர்கள், அமத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையோடு எறியாதீர்கள். இப்போது அதில் பற்றரி இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டியும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஇ என்ற பாரமில்லாத இயங்குதளமும் போட்டோம். 4 ஜிபி ரெம்மில் நன்றாக ஓடுகிறது, மகள் கடந்தகால வினாத்தாள் பார்க்கிறாள். கரண்ட் போனால் உடனே நின்றுவிடும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலமென்றால் இது உதவியிருக்காது. மூதூர் டீச்சர், கணக்கை உங்கள் ஈமெயிலுக்கு மாற்றி, அந்த 48 இலக்கத்தையும் தாளில் எழுதி வையுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து:

நான் பழையதை வாங்கியவன். பாவித்த லப்டொப் ஒன்றைக் கடையில் எடுத்து வந்து வீட்டில் திறந்தால், டெஸ்க்டொப் முழுக்க யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள். முதலாவதில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, கோணேசர் கோயிலின் பெரிய சிவன் சிலைக்கு முன்னால் நிற்கிறாள். வட்ஸ்அப் வெப் வேறு திறந்தபடியே இருந்தது. கடையில் கேட்டேன். மொத்தமாக வந்த சரக்கு, யாருடையது என்று தெரியாது என்றார்கள். வேறொன்றையும் திறந்து பார்க்கவில்லை. படப் போல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்துவிட்டு மிச்சத்தை முழுவதும் அழித்தேன்.

விற்கப் போகிறவர்கள் முதலில் போனில் வட்ஸ்அப்பின் இணைத்த சாதனங்களில் போய் லப்டொப்பை நீக்குங்கள். பிறகு ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லும்போது, டிரைவைச் சுத்தம் செய்யும் தெரிவையும் ஓன் பண்ணுங்கள். கனநேரம் எடுக்கும், சார்ஜரோடு இரவில் விட்டுவிடலாம். பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. படம் உங்களுடையது என்றால், பிள்ளை கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.