கேம்பர் ட்ரெய்லர்ல மர கபோர்டு: கொண்டை ஊசி வளைவுல கழண்டு தொங்குது, என்ன பண்ணலாம்?

மேகமூட்டம்:
வணக்கம்ங்க, நான் கோத்தகிரி. கோயம்புத்தூர் பட்டறை ஒண்ணுல சொல்லி 10க்கு 6 அடில ஒரு சின்ன கேம்பர் ட்ரெய்லர் (வண்டி பின்னாடி இழுத்துட்டு போய் உள்ளயே தங்குற பெட்டி) செஞ்சு வாங்கினேன், ஸ்கொயர் ட்யூப் ஃப்ரேம், மேல தகர ஷீட். உள்ள கபோர்டு வேலைய காசு மிச்சம்னு நானே எடுத்துக்கிட்டேன், அங்கதான் வம்பு ஆரம்பம். 18 எம்எம் கமர்ஷியல் ப்ளைவுட்ல வீட்டு சமையல்கட்டுக்கு அடிக்கிற மாதிரியே பெட்டி அடிச்சு சன்மைக்கா ஒட்டி, மேல் கபோர்ட நேரா தகரத்துலயே ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டேன். வாசல்ல நிக்கிறப்ப அம்சமாத்தான் இருந்துச்சு. முதல் தடவ மேட்டுப்பாளையம் எறங்குறோம், அரவேனு தாண்டினதுமே உள்ள கடமுடான்னு சத்தம், குஞ்சப்பனை கிட்ட ஓரங்கட்டி கதவ தொறந்தா ட்ராயர் எல்லாம் வெளிய, தட்டு டம்ளர் தரைல, மேல் கபோர்டு ஒரு பக்கம் தொங்கிட்டு இருக்கு. வீட்டம்மா ஒரு வார்த்தை பேசல, அதுதான் பயமா இருந்துச்சு.

அது போக ஐப்பசி மழைக்கு அப்புறம் பின்பக்கம் பூரா பூஞ்சை, கீழ் கதவு உப்பிப்போய் மூட மாட்டேங்குது. மழைத்தண்ணி உள்ள வரல, பைப் அடிச்சு பாத்துட்டேன். எல்லாத்தையும் கழட்டிட்டு புதுசா செய்யப்போறேன். எஸ்டேட்ல வெட்டுன சில்வர் ஓக் பலகை சல்லிசா கெடைக்குது, அதுலயே செய்யலாமா?

உளிச்சத்தம்:
தம்பி, நான் குன்னூர்ல 22 வருஷமா மரவேலை. சில்வர் ஓக் நல்ல மரந்தான், ஆனா போன மாசம் வெட்டுனது வேண்டாம். ஒரு இஞ்ச் பலகை காயவே மாசக்கணக்கா ஆகும், நம்ம பக்கத்து பனிமூட்டத்துல இன்னும் இழுக்கும். ஈரத்தோட அடிச்சிட்டு சித்திரை வெயில்ல மேட்டுப்பாளையம் எறங்குனீங்கன்னா சுருங்கி மூட்டெல்லாம் வாய பொளக்கும். காஞ்ச பலகை கெடைச்சா சட்டத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க.

ஒரு 8க்கு 4 ஷீட் 18 எம்எம்னா 30 கிலோவுக்கு மேல வரும், ட்ரெய்லருக்கு அது எதுக்கு? ஒண்ணரை இஞ்ச் சட்டத்துல கூடு கட்டி, பக்கத்துக்கு 9 எம்எம், கதவுக்கு 12 எம்எம் போதும். கமர்ஷியல் வேண்டாம், ஐஎஸ் 710 முத்திரை (இந்தியத் தர எண்) இருக்கிற மெரைன் ப்ளை, அதாவது தண்ணி தாங்குற ப்ளைவுட், பாத்து வாங்குங்க. முத்திரை மேல நம்பிக்கை இல்லேன்னா ஒரு துண்டு வெட்டி கொதிக்கிற தண்ணில போட்டு வைங்க, அந்த தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்க வெச்சு சோதிப்பாங்க, நீங்க அரை நாள் வெச்சாலே வண்டவாளம் தெரிஞ்சிரும். பசையும் சாதா வெள்ளைப் பசை ஆகாது, தண்ணி தாங்கறதா கேட்டு வாங்குங்க. வெட்டுன ஓரம் எல்லாத்துக்கும் ரெண்டு கை வார்னிஷ் அடிங்க, உங்க கதவு உப்புனது அந்த ஓரத்து வழியாத்தான். கதவ சுத்தி 3 எம்எம் இடைவெளியும் விடுங்க.

தகரத்துல ஸ்க்ரூ போட்டதுக்கு திட்டணும், வேண்டாம் விடுங்க. தகரம் வெறும் தோல், அது எடை தாங்காது. ஃப்ரேம் ட்யூப் எங்க ஓடுதுன்னு பாத்து குறிச்சுக்கிட்டு, அதுல ரிவெட் நட் (ஓட்டைல நெரிச்சு பதிக்கிற மரை) அடிச்சு 6 எம்எம் போல்ட் போடுங்க. வெறும் ஸ்க்ரூ அதிர்வுல நாளாக நாளாக லூசாயிரும்.

கல்லட்டி36:
அண்ணா சொன்னதோட ஒண்ணு. பூஞ்சைக்கு காரணம் மழை இல்ல, உங்க மூச்சும் அடுப்பு ஆவியும்தான் ப்ரோ. ராத்திரி வெளிய குளிரு, உள்ள ரெண்டு பேர் தூங்குறீங்க, டீ வேற போடறீங்க, தகரம் வேர்த்துக் கொட்டும், கபோர்டு முதுகு அத ஒட்டியே இருந்தா காயறதுக்கு வழி ஏது? தகரத்து மேல ஃபோம் ஷீட் ஒட்டிட்டு அரை இஞ்ச் தள்ளி கபோர்ட நிறுத்துங்க. முதுகுப் பலகைல மேலயும் கீழயும் ஓட்டை போடுங்க, காத்து ஓடணும். கேஸ் சிலிண்டர் வெக்கிற அறைக்கு மட்டும் தரைல வெளிய போற மாதிரி ஓட்டை கண்டிப்பா வேணும், கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும்.

காந்த கேட்ச் எல்லாம் நம்ம ரோட்டுக்கு தாங்காது, அமுக்குனா பூட்டுற பட்டன் லாக் போடுங்க. எனக்கு அதுக்கும் பட்ஜெட் இல்ல, சின்ன தாழ்ப்பாள்தான் வெச்சிருக்கேன், ஊட்டி மசினகுடி ரோட்டுல கல்லட்டில 36 வளைவும் எறங்கி ஏறிட்டேன், ஒண்ணும் ஆகல. மேல் தட்டுக்கு முன்னாடி ஒண்ணரை இஞ்ச் தடுப்பு வைங்க.

மேகமூட்டம்:
ரொம்ப நன்றிங்க. மூச்சுன்னு சத்தியமா நினைக்கல 😅 அப்ப பெரிய கபோர்ட பின்கடைசில வெக்கட்டுமா, அங்கதான் இடம் இருக்கு?

உளிச்சத்தம்:
வேண்டவே வேண்டாம் தம்பி. பின்னாடி கனம் ஏறுனா எறக்கத்துல ட்ரெய்லர் வாலாட்டும், இழுக்கிற வண்டியையும் சேத்து ஆட்டிரும். கனமான சாமான் எல்லாம் சக்கரத்துக்கு மேல, தரையோட. மொத்த எடைல நூத்துக்கு 10லேர்ந்து 15 பங்கு, இழுக்கிற வண்டில மாட்டுற கொக்கில உக்காரணும், உங்களது 700 கிலோன்னா 70லேர்ந்து 105. சமதளத்துல நிறுத்தி கட்டை வெச்சுட்டு கொக்கிக்கு அடில வீட்டு எடை மிஷின வெச்சே பாக்கலாம். மேல் கபோர்டுல துணிமணி, பிஸ்கட்டு, அவ்ளோதான்.

லவ்டேல்_அக்கா:
பிஸ்கட்டும் வேண்டாம் தம்பி, எண்ணெயும் வேண்டாம். வீட்டு வாசல்ல நிறுத்துறப்ப எல்லாத்தையும் எடுத்துருங்க. கோத்தகிரில கரடிக்கு பட்டன் லாக் எல்லாம் தெரியாது, கதவோட வரும்.

மேகமூட்டம்:
அக்கா 😂 போன மாசம்தான் பக்கத்து டீக்கடை கதவ பேத்துட்டு போச்சு. ஞாயித்துக்கிழமை கழட்ட ஆரம்பிக்கிறேன், ட்யூப் இருக்கிற இடம் குறிச்சுட்டு போட்டோ போடறேன். பழைய 18 எம்எம் யாருக்காவது கோழிக்கூண்டுக்கு வேணும்னா சொல்லுங்க, பூஞ்சை இலவசம்.