சிங்கப்பூர் தேக்கா பக்கம் தெருப் படங்கள் எடுக்க எப்போது போவது, எப்படித் தொடங்குவது?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் ஃபியூஜி எக்ஸ்-டி20 கேமரா ஒன்று வாங்கினேன், கூடவே 18-55 மிமீ ஜூம் லென்ஸ். புதிது இல்லை, பயன்படுத்தியதுதான். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கடை கடையாக ஏறி இறங்கி, கையில் பிடித்துப் பார்த்து எடுத்தேன். இதுவரை எல்லாம் போனில்தான். எம்ஆர்டி ரயில் மேடையில் காத்திருப்பவர்கள், காப்பிக்கடையில் தே (டீ) ஆற்றுகிறவர், மழைக்கு ஒதுங்கி நிற்கும் டெலிவரி ஆட்கள், இப்படித்தான் என் படங்கள் இருக்கும். மெரினா பே பக்கம் எல்லாரும் போகிறார்கள், எனக்கு ஏனோ மனசு அங்கே போகவில்லை.

இரண்டு வாரமாகத் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா பக்கம், போய்வருகிறேன். மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் போனால் வானம் வெள்ளையாக வெளுத்துவிடுகிறது, முகமெல்லாம் இருட்டாக வருகிறது. இன்னொன்று, போனைத் தூக்கினால் யாரும் கவனிப்பதில்லை. கேமராவைத் தூக்கினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், என் கை அப்படியே நின்றுவிடுகிறது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் தொடங்கலாம்? யாராவது ஆட்சேபித்தால் சட்டப்படி என்ன நிலைமை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நடைபாதை35:

தம்பி, வாழ்த்துகள். நல்ல கேமராதான் வாங்கியிருக்கிறாய், அதை மாற்றுவதைப் பற்றி இன்னும் சில வருடம் யோசிக்காதே.

எங்கே என்று கேட்டால் நான் ஒரே ஒரு தெருவைத்தான் சொல்வேன்: பஃப்பலோ ரோடு. தேக்கா நிலையம் என்கிற சந்தைக் கட்டடத்தை ஒட்டி, சிராங்கூன் சாலையிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் போகிற அந்தச் சின்னத் தெரு. வேகமாக நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் துவாஸில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். லீவு கிடைக்கிற காலையெல்லாம் அந்தத் தெருவில்தான் இருப்பேன். வீட்டுக்குக் காய்கறி வாங்கித் தருவது என் பொறுப்பு, அதனால் வீட்டிலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இன்று தேக்கா, நாளை சைனாடவுன், அடுத்த வாரம் கேலாங் சிராய் என்று ஓடாதே. ஒரு தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் எந்தத் தூணுக்குப் பின்னால் எத்தனை மணிக்கு வெயில் வரும், எந்தக் கடைக்காரர் எப்போது தண்ணீர் தெளிப்பார், லாரி எப்போது வந்து வாழைத்தார் இறக்கும் என்பதெல்லாம் பிடிபடும். முதலில் எல்லாரும் கேமராவைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் "என்ன, வந்தாச்சா" என்று கேட்பார்கள். அதற்கும் பிறகு கேட்கக்கூட மாட்டார்கள். நல்ல படங்கள் அப்போதுதான் வர ஆரம்பிக்கும்.

அங்கே பூக்கடை ஒன்றில் மாலை கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். இடது கையில் நூல், வலது கையால் மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து வைப்பார், ஒரு சுற்று, ஒரு இழுப்பு, முடிச்சு விழுந்துவிடும். கண் பூவில் இருக்கவே இருக்காது. தெருவில் போகிறவரிடம் விலை சொல்லிக்கொண்டே, பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டே கட்டுவார். நான் எடுத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அவருடைய கட்டைவிரல். நூல் உரசி உரசி அந்த இடம் மட்டும் தடித்துப் பளபளவென்று இருக்கும். அதன்மேல் ஈரம், ஈரத்தின்மேல் ஒரு துளி காலை வெளிச்சம். முகம் படத்தில் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் யாரிடம் காட்டினாலும் அது யாருடைய கை என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் படத்தை 4ஆர் அளவில் (நாலுக்கு ஆறு அங்குலம்) பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். பிரிண்ட்டுக்கு ஆகிற செலவு ஒரு தே-ஓ (பால் இல்லாத டீ) விலைகூட வராது. நீ எடுத்தவருக்கு அடுத்த முறை போகும்போது ஒரு பிரிண்ட் கொடு. உன் கை நின்றுபோவதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் சரிதான், ஆனால் கையில் வாங்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் இன்னொன்று பார்ப்பாய். நம் ஊர்த் தம்பிமார்கள், புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு நண்பர்களைப் பார்க்க வந்திருப்பார்கள். கேமராவைப் பார்த்தால் பலர் தாங்களே கூப்பிடுவார்கள்: "அண்ணே, ஒண்ணு எடுங்க, வீட்டுக்கு அனுப்பணும்." எடுத்துக் கொடு. நன்றாக எடுத்துக் கொடு. தலைமுடியைச் சரிசெய்ய நேரம் கொடு, பின்னணியில் குப்பைத்தொட்டி வராமல் பார்த்துக்கொள். ஊரில் ஒரு அம்மா அந்தப் படத்தைத்தான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். அதே ஆட்கள் புல்தரையில் அசந்து தூங்கும்போது எடுக்காதே. வாரம் முழுக்க உழைத்துவிட்டுக் கண் மூடியிருக்கிறவரின் படத்தை அவருக்குத் தெரியாமல் ஊருக்குக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

செட்டிங் பற்றிச் சுருக்கமாக: ஜூமை 23 மிமீ-இல் வைத்து, துவாரம் எஃப்8, மேனுவல் ஃபோக்கஸில் தூரம் இரண்டரை மீட்டர். அப்படி வைத்தால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ. பிறகு கேமராவை மறந்துவிட்டு மனிதர்களைப் பார்.


மழைநாள்:

மதிய வெயிலைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, கிட்டத்தட்ட ஒரு மணிக்கு. நம் தீர்க்கரேகை 104 டிகிரி பக்கம், ஆனால் கடிகாரம் 120 டிகிரிக்கு உரியது. 1982-இல் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இப்படித்தான். அதனால் நீங்கள் பன்னிரண்டு, ஒரு மணிக்குப் போவது சரியாக உச்சி வெயிலில்தான். முகத்தில் கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் நிழலே காலடிக்குள் போய்விடும்.

அந்த நேரத்தில் ஐந்தடி நடைபாதைக்குள், அதாவது கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதைக்குள், நுழைந்துவிடுங்கள். கூரைக்குக் கீழே நிழல், வெளியே தார்ச்சாலையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் ஸ்டூடியோவில்கூடக் கிடைக்காது. கேமராவை எப்போதும் வெளிச்சமான பகுதிக்கு அளந்து வையுங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்) இரண்டு கிளிக் குறைத்தால் வானம் தப்பிக்கும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. நாம் பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை. ஜூனில் மதியச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே. ஒரே தெருவில் அரை வருடம் ஒரு சாரிக்கு வெயில், அரை வருடம் எதிர்ச்சாரிக்கு. மேலே ஒருவர் ஒரே தெருவுக்குப் போகச் சொன்னார், அந்தத் தெரு ஜூனில் ஒன்று, டிசம்பரில் வேறொன்று. சாயங்காலம் சூரியன் மறைந்தால் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். நீலவானமும் கடை விளக்கும் சமமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு முன்கூட்டியே இடம் பிடித்து நில்லுங்கள்.

மழை வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்கத் தூறும்போது தேக்கா பக்கத்துக் கேம்பல் லேன் தரையில் விளக்கெல்லாம் தலைகீழாகத் தெரியும். இரட்டை மாடி பஸ்ஸில் ஏறி மாடியில் முன் இருக்கையில் உட்கார்ந்தால், குடை பிடித்து ரோடு கடக்கிறவர்கள் எல்லாரும் உங்கள் கீழே.


ஈசூன்வாசி:

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. உச்சி வெயில் ஒரு மணிக்குத்தான் என்பது எனக்குப் புது விஷயம். அண்ணா சொன்ன பிரிண்ட் யோசனையை இந்த வாரமே செய்கிறேன்.

ஒரு பிரச்சினை. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிடுகிறது, துடைத்தாலும் திரும்ப வருகிறது. அதற்கு என்ன செய்கிறீர்கள்? அப்புறம், சட்டம் பற்றிய கேள்வி இன்னும் பாக்கி.


கீழ்த்தளம்:

தம்பி, சட்டம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அங் மோ கியோவில் இருக்கிறேன், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, புளோக் புளோக்காகச் சுற்றிப் படம் எடுப்பதுதான் என் வேலை.

பொது இடத்தில் நம் சொந்த விருப்பத்துக்குப் படம் எடுக்க அனுமதி தேவையில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்கூட, தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்கிறவர்மேல் அந்தக் கடமைகளைச் சுமத்துவதில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை வைத்திருந்தால் அங்கே கேமராவைத் தூக்கவே கூடாது. கடைத்தொகுதிகளும் உணவகங்களும் தனியார் இடம், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருவரைப் பின்தொடர்ந்து பின்தொடர்ந்து எடுத்து அவரைப் பயமுறுத்தினால் 2014-இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்திருந்தால் போதும்.

சட்டம் இடம் கொடுப்பது எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றில்லை. யாராவது கையை ஆட்டினால், "சாரி ஆன்ட்டி" என்று சொல்லி அங்கேயே அழித்துக் காட்டிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் எடுக்காதீர்கள். ஒரு பெண்ணாக இதையும் சொல்கிறேன்: தூரத்தில் மறைந்து நின்று பெரிய லென்ஸால் எடுப்பவரைப் பார்த்தால்தான் எங்களுக்கு உதறும். பக்கத்தில் வந்து, கேமரா தெரியும்படி நின்று, சிரித்துக்கொண்டே எடுக்கிறவரைப் பார்த்தால் அப்படி இல்லை.

தேக்காவுக்கு மட்டும் போகாமல் உங்கள் ஈசூனிலேயே கீழே இறங்கிப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மலாய்க் கல்யாணத்துக்குப் பந்தல், இரண்டு புளோக் தள்ளிச் சீனச் சாவு வீட்டின் வெள்ளைத் துணி, நடுவில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள். சாவு வீட்டில் எடுக்கக் கூடாது, அதைச் சொல்லவே வேண்டாம். மற்றதெல்லாம் நம் வாழ்க்கை.

சீக்கிரம் எடுங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. பழைய வாட்ச், ஒற்றைச் செருப்பு, தமிழ்ப் பட கேசட் எல்லாம் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நின்ற ரோச்சோர் சென்டர் புளோக்குகள் இப்போது இல்லை. 1976-இல் கட்டிய பேர்ல் பேங்க் குடியிருப்பும் இல்லை. டேரன் சோ என்ற புகைப்படக்காரர் இடிக்கப்படப்போகும் வீவக புளோக்குகளைத் தேடித் தேடி எடுத்துவருகிறார், அவருடைய படங்களைப் பாருங்கள். கட்டடத்தை அவர் எடுக்கிறார். அந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் துணி காயப்போட்டவரை நம்மைப் போன்றவர்கள்தான் எடுக்க வேண்டும்.

இன்னொருவர் இப் சியோங் ஃபன். 1903-இல் பிறந்தவர், சைனாடவுன் தெருக்களையும் கடற்கரையையும் எடுத்தவர், 1984-இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அன்றைய ஆற்றங்கரையும் கூலிகளும் தெருப்பிள்ளைகளும் எப்படி இருந்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிவது இவரைப் போன்றவர்கள் எடுத்து வைத்ததால்தான். நம் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் காலத்துப் படம் என்றால் ஸ்டூடியோவில் நாற்காலி போட்டு எடுத்ததுதான் இருக்கும். அப்பா வேலை பார்த்த இடம், அம்மா மளிகை வாங்கிய கடை, யாரும் எடுக்கவில்லை. என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். அவர் வேலை உடுப்பில் இருக்கும் ஒரு படம்கூட என்னிடம் கிடையாது. அதனால்தான் நான் இப்போது புளோக் துப்புரவு செய்யும் அண்ணனிலிருந்து பேப்பர் விற்கும் தாத்தா வரை விடாமல் எடுக்கிறேன். எடுத்ததும் தேதி, இடம், அவர் சம்மதித்தால் பெயர், எல்லாம் எழுதி வைக்கிறேன். எழுதாத படம் கொஞ்ச வருடத்தில் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும்.


நடைபாதை35:

அக்கா சொன்ன அந்தக் கடைசி விஷயத்தை இன்றே ஆரம்பித்துவிடு தம்பி. கோப்புறைக்குத் தேதியும் தெருப் பெயரும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பனி மூடுவதற்கு: கிளம்புவதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடு. வெளியே வந்து பதினைந்து, இருபது நிமிடம் திறக்காதே. எம்ஆர்டியிலிருந்து இறங்கி ஒரு தே குடித்துவிட்டுத் திறந்தால் சரியாக இருக்கும். துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் கோட்டிங்தான் போகும். வீட்டில் டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) ஒன்று கட்டாயம் வேண்டும், ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதம். அது வாங்கும் வரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் சும்மா வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும், வந்தால் சுத்தம் செய்யக் கொடுக்கும் காசுக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கலாம்.

பொங்கல் நேரத்தில் கேம்பல் லேன் பக்கம் கரும்பும் பானையுமாக நிற்கும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை காவடி போகும். அதற்கெல்லாம் பெரிய கேமராக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். நீ காவடியை விட்டுவிட்டு, காவடிக்காரரின் தங்கை கையில் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே நடப்பாள், அவளைப் பார்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன். தேக்கா நிலையத்தில் சந்தைப் பக்கத்து வாசலில் நில், சேர்ந்து நடக்கலாம். மழைநாள் நண்பரும் அக்காவும் வந்தால் இன்னும் நல்லது.


ஈசூன்வாசி:

கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. ஜூம் நகராமல் இருக்க 23-இல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். நேற்று எங்கள் புளோக் காப்பிக்கடையில் தே ஆற்றுகிற அங்கிளிடம் கேட்டே எடுத்தேன், இன்னொரு முறை உயரமாக ஆற்றிக் காட்டினார். அந்தப் படத்தை அவருக்குப் பிரிண்ட் போட வேண்டும். 4ஆர் போதுமா, இல்லை கடைச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் போடலாமா?


நடைபாதை35:

முதலில் 4ஆர் கொடு. சுவரில் மாட்ட வேண்டும் என்று அவரே கேட்டால் அப்புறம் 8ஆர் (எட்டுக்குப் பத்து அங்குலம்) போடலாம். ஞாயிறன்று ஃபைலைக் கொண்டுவா, பிரிண்ட் கடையில் நான் வழக்கமாகச் சொல்லும் மேட் பேப்பரைக் காட்டுகிறேன்.