மறு: ஹெட்போனும் பெருக்கியும் சேர்வதற்கு ‘ஒத்திசைவு’ சரியா?

நண்பர்களே, வணக்கம்.

> ஹெட்போனும் பெருக்கியும் (ஆம்ப்ளிஃபயர்) நன்றாகச் சேர்ந்து ஒலிப்பதை ‘ஒத்திசைவு’ என்றே சொல்லிவிடலாமே?

அழகான சொல்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இயற்பியலில் ஒத்ததிர்வை (ரெசனன்ஸ், அதாவது ஒரு பொருள் தன் இயல்பான அதிர்வெண்ணில் பெரிதாக அதிர்வது) குறிக்கவும் சிலர் இதையே எழுதுகிறார்கள். ஹெட்போன் பேச்சில் ஒத்ததிர்வு வராமல் இருக்காது. மின்னெதிர்ப்பு (இம்பீடன்ஸ், ஒலி மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 300 ஓம் என்று குறித்த ஒரு ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 300 எல்லா அதிர்வெண்ணிலும் அப்படியே நிற்பதில்லை. உள்ளே இருக்கும் சவ்வு ஒத்ததிரும் இடத்தில், ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் பக்கம், மின்னெதிர்ப்பு 500 ஓம் வரைகூட ஏறும். பெருக்கியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு 1 ஓம் என்றால் இந்த ஏற்றத்தால் ஒன்றும் ஆகாது. அதுவே 120 ஓம் என்றால், 300 ஓம் இடத்தில் மின்னழுத்தத்தில் 71 விழுக்காடு ஹெட்போனுக்குப் போகும். 500 ஓம் இடத்தில் 81 விழுக்காடு. கணக்குப் போட்டால் அடித்தொனி சுமார் 1 டெசிபல் தூக்கலாகிறது. இதை விளக்கும் ஒரே பத்தியில் ‘ஒத்திசைவு’ இரண்டு பொருளில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

‘மின்னெதிர்ப்புச் சமன்’ என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். அது பொருளையே மாற்றிவிடும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டியது அதிகபட்சத் திறனைக் கடத்துவதற்கு. ஹெட்போனுக்கு அது தேவையில்லை. பெருக்கியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கட்டும் என்பதுதான் புழக்கத்தில் உள்ள விதி. புதிதாக வருபவர் ‘சமன்’ என்பதை நம்பி 32 ஓம் ஹெட்போனுக்கு 32 ஓம் வெளியீட்டைத் தேடினால் தவறு அவருடையதல்ல, நாம் கொடுத்த சொல்லுடையது.

அப்புறம், விதிப்படி பொருந்துவது எல்லோருக்கும் பிடித்துவிடுகிறதா? நான் சில மாதம் ஒரே 300 ஓம் ஹெட்போனை இரண்டு பெருக்கிகளில் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்று அளவீட்டில் குறையே இல்லாதது. மற்றொன்று வெளியீட்டு மின்னெதிர்ப்பு கூடுதலான வால்வுப் பெருக்கி. மிருதங்கத்தின் இடந்தலை இரண்டாவதில்தான் எனக்கு நிறைவாக இருந்தது. விதிப்படி அது பொருத்தமில்லாத இணை, என் காதுக்கோ அதுதான் பொருத்தம்.

அதனால் நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள். மின் கணக்குக்கு மின்னிணக்கம். முதலில் ‘மின்னிசைவு’ என்றுதான் எழுதினேன், ஆனால் அவசரமாகப் படித்தால் மின்னிசையாகத் தெரிகிறது, விட்டுவிட்டேன். கேட்பவரின் விருப்பத்தோடு சேர்வதற்குச் செவியிசைவு. ‘இசைவு’ என்பதில் சம்மதமும் இருக்கிறது, உள்ளே இசையும் இருக்கிறது. பன்மையில் சொன்னாலும் பெயரடையாக்கினாலும் நாக்கு தடுக்கவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“தட்டைச் சவ்வு (பிளேனர்) ஹெட்போன்களின் மின்னெதிர்ப்பு ஏறக்குறைய நேர்கோடு. எனவே மின்னிணக்கம் தவறினாலும் தொனி அதிகம் மாறாது, ஒலியளவுதான் குறையும்.”

“மின்னிணக்கம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மேல்தொனி குத்துவதால் எனக்குச் செவியிசைவு இல்லை.”

ஹெட்போனுக்கே தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்கள் அதைத் தனி இழையில் தொடங்குங்கள். இங்கே கலந்தால் இரண்டும் முடியாது. செவியிசைவைவிடச் சின்னதாக யாருக்காவது ஒன்று தோன்றினால், மேலே உள்ள இரண்டாம் வாக்கியத்தில் பொருத்தி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.