டெத்லி ஹாலோஸ் இரண்டாம் பாகம்: இரவுக் காட்சிகள் ஒரே கருமையாகத் தெரிகின்றன, உதவி தேவை

2011இல் வெளியான ஹாரி பாட்டர் வரிசையின் எட்டாவதும் இறுதியுமான படத்தை வீட்டில் ப்ளூ-ரே வட்டில் பார்க்கும்போது, இரவுக் காட்சிகளில் நுணுக்கங்கள் எதுவும் தெரிவதில்லை. படகுக் கொட்டகையில் ஸ்னேப் உயிர்விடும் காட்சியில் அவருடைய அங்கியும் தலைமுடியும் பின்னணியும் ஒன்றாகக் கலந்து, ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனின் முகபாவம் பாதி மறைந்துவிடுகிறது. படத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஒளிப்பதிவாளர் எட்வார்டோ செர்ராவின் ஒளியமைப்பு இயல்பிலேயே இருண்டது என்றாலும், இதே வட்டு நண்பர் வீட்டில் தெளிவாக ஓடியது.

எங்களுடையது 55 அங்குல 4கே எல்.இ.டி. தொலைக்காட்சி, ப்ளேயர் எச்.டி.எம்.ஐ. வழியாக நேரடியாக இணைக்கப்பட்டுள்ளது. கடந்த மாதம் ப்ளேயரை மாற்றிய பிறகே இச்சிக்கல் தொடங்கியது. 2001இல் வந்த முதல் படத்தின் பகல் காட்சிகளில் குறை எதுவும் தெரியவில்லை.

கேபிளை மாற்றினேன், மின்சேமிப்பு முறையையும், அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கச் செய்யும் வசதியையும் நிறுத்தினேன், 'சினிமா' முறைக்கு மாற்றினேன். பிரைட்னஸைக் கூட்டினால் கருமை சாம்பலாக வெளிறுகிறதே தவிர, மறைந்த நுணுக்கங்கள் திரும்புவதில்லை.

ப்ளேயரின் ஆர்.ஜி.பி. வெளியீட்டை (நிறச் சமிக்ஞையின் கருமை-வெண்மை வரம்பை) 'லிமிடெட்' எனக் குறுகிய வரம்புக்கு மாற்ற வேண்டுமா, அல்லது தொலைக்காட்சி எந்த அளவைக் கருமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவலை மாற்ற வேண்டுமா?